கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

ஆகஸ்ட் 2

சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் பதிவேடு எழுதிய கை. ஓய்வு பெற்ற பிறகும் எழுதாமல் இருந்தால் தூக்கம் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மஞ்சள் தடவி சாமி படத்தின் முன் வைத்துவிட்டு முதல் பத்திரிகையை இவரிடம் கொடுத்தேன். "ஆவுடையப்பன் – சண்முகவடிவு தம்பதியரின் மகள் கிருஷ்ணவேணி" என்று எங்கள் பெயர் நன்றாகவே விழுந்திருந்தது. இவர் இரண்டு தரம் படித்தார். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார்: "தாரை வார்க்க உங்க அண்ணனக் கூப்பிடு. ஊமைக்கு மேடையில என்ன வேலை."

மே மாதம் திருநெல்வேலியில் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. புற்றுநோய் குரல்வளை முழுக்கப் பரவியிருந்ததால் அதையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். உயிர் பிழைத்தார், அதுவே பெரிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் வருகிறவர்களிடம் அதையே சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருடம் பாபநாசம் – திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர். "கல்லிடை, வீரவநல்லூர், சேரமாதேவி!" என்று இவர் கூவினால் டீக்கடையில் இருப்பவன் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவான். இப்போது என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தம்ளரால் தட்டுகிறார். பஸ் விசில் கணக்குதான். ஒரு தட்டு என்றால் நில், இங்கே வா. இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம்.

மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். அலமாரியில் எறும்பு வருகிறது.

ஆகஸ்ட் 3

காலையில் வேணி சென்னையிலிருந்து போனில் அழுதாள். "அப்பா இல்லாம நான் மேடை ஏற மாட்டேம்மா." அழுதால் ஆச்சா? கல்யாணம் செப்டம்பர் ஏழு. இன்னும் ஐந்து வாரம்.

இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது யோசனை வந்தது. வேணிக்கு நாலு வயதாக இருந்தபோது என் அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஒரு வீடியோ கேமரா கொண்டு வந்து கொடுத்தான். அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அந்தக் கேமரா இவர் கையை விட்டு இறங்கவில்லை. பிறந்தநாள், பாபநாசம் அருவி, நான் துணி காயப்போடுவது, எல்லாமே படம். கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். அதனால் ஒரு படத்திலும் இவர் முகம் கிடையாது. குரல் மட்டும்தான். பின்னால் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருப்பார். "அடுத்த ஸ்டாப்பு வேணி! இறங்குற ஆளெல்லாம் முன்னால வாங்க!" பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தக் குரலை எடுத்துப் பத்து நிமிடப் படமாகச் செய்து, வரவேற்பில் திரையில் போட வேண்டும். அதற்கு முன்னால் இவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டால் எழுந்து வருவார். வந்துதான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 5

அண்ணனை இவருக்குத் துணையாக வைத்துவிட்டு பஜாரில் உள்ள ஸ்டூடியோவுக்குப் போனேன். படங்களெல்லாம் எப்போதோ ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தோம். அதைக் கையோடு கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தார். இவர் குரல் அந்தக் கடை முழுக்கக் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரே இரைச்சலா இருக்கே, அம்மா. சத்தத்த எடுத்துட்டு நல்ல பாட்டாப் போட்டுத் தாரோம். எல்லாரும் அப்படித்தான் கேக்காங்க."

"எனக்கு அந்த இரைச்சல்தான் வேணும்."

"பாக்கதுக்கு நல்லா இருக்காதும்மா."

டிஸ்க்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாட்டுப் போடுகிறாராம். நானே செய்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 7

வேணியின் பழைய லேப்டாப்பில் படத்தை வெட்டி ஒட்டும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் நம் படங்களைத் தொட்டாலே "இந்த வகைக் கோப்பைத் திறக்க இயலாது" என்கிறது. எல்லாவற்றையும் வேறு வகைக்கு மாற்ற வேண்டுமாம். யூடியூப்பில் ஒரு பையன் சொல்லிக் கொடுத்தான். இலவசமாகக் கிடைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை இறக்கினேன். ஒரு படம் மாற நாற்பது நிமிடம். மொத்தம் ஐம்பத்திரண்டு படம். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

கிணற்றுக்கு இரும்பு மூடி போடச் சொல்லியிருந்தேன். இன்று வந்து போட்டுவிட்டுப் போனார்கள். பூனை விழுந்துவிடும்.

ஆகஸ்ட் 10

பதினெட்டு முடிந்தது. இவர் முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் அடுப்படி மேடையில் லேப்டாப்பை வைத்து, சாம்பார் கொதிக்க ஒரு கண், படம் மாற ஒரு கண். மாறிய ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன். சத்தத்தை மட்டும் அடைத்துவைத்திருக்கிறேன். எல்லாம் தயாராகும் முன் இவர் காதில் விழக்கூடாது. அரைகுறையாகக் கேட்டால் இவருக்கு என்ன தோன்றுமோ.

காதில் மாட்டும் ஒயர் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் கட்டிலில் தட்டுவது எனக்குக் கேட்காது. சளி அடைத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 11

இவர் சாப்பிட்டது அரை இட்லி. அதுவும் என் முகத்துக்காக.

ஆகஸ்ட் 14

இடமில்லை, இடமில்லை என்று லேப்டாப் காலையிலிருந்து கத்துகிறது. ஹார்ட் டிஸ்க்கும் நிறைந்துவிட்டது. மாறிய படங்கள் பளிச்சென்று இருக்கும்போது பழையது எதற்கு? சட்டி காலியானால் உடனே கழுவிக் கவிழ்ப்பது என் சுபாவம். மாற்றி முடிந்த பழைய கோப்புகளையெல்லாம் அழித்தேன். மீதியையும் மாறிய கையோடு அழித்துக்கொண்டு வருகிறேன். லேப்டாப்பில் உள்ள குப்பைத் தொட்டியையும் காலி செய்தாயிற்று. வேலை இப்போது மளமளவென்று நடக்கிறது.

ஆகஸ்ட் 16

ஐம்பத்திரண்டும் முடிந்தது! ஒரு கிண்ணம் பாயசம் வைத்தேன். எதற்கென்று இவர் புருவத்தால் கேட்டார். சும்மா என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் இது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு கருவியைக் கொடுத்தாள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்தி வாயை அசைத்தால் சத்தம் வரும். அவளிடம் இருந்த வேறொன்றைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினாள். வண்டு டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு குரல். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள். இவர் தனக்குக் கொடுத்ததை உறையோடு அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் இவரோடு வேலை பார்த்தவர். "ஏ அண்ணாச்சி! எங்க போயிட்டு வாரிய?" என்று ஓடி வந்தார். இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்தான் பதில் சொன்னேன். சேரமாதேவியில் இவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஊர்ப் பெயரைத்தான் சொன்னார். காற்றுக்கூட வரவில்லை.

கருவிப் பெட்டி பீரோ மேல் இருக்கிறது. பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 18

காலை பத்து மணிக்கு அண்ணன் வந்து இவரை முடிவெட்டிக்கொள்ள அழைத்துப் போனான். மே மாதத்துக்குப் பிறகு வீட்டில் நான் மட்டும் தனியாக இருப்பது இதுதான் முதல் முறை. கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் சத்தத்தை முழுக்க ஏற்றி, வேணியின் ஐந்தாவது பிறந்தநாளைப் போட்டேன்.

சத்தம் இல்லை.

அடுத்த படம், அதற்கடுத்த படம். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று ஒரு சாமிப் பாட்டைப் போட்டேன். கணீரென்று பாடியது. மறுபடியும் படங்கள். பாபநாசம், தீபாவளி, பள்ளிக்கூட ஆண்டு விழா. வேணி கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டும் ஊமை.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். முருங்கைக்கீரை ஆய்கிறேன் என்றேன். கையில் கீரை இல்லை.

ஆகஸ்ட் 19

அண்ணனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜெபராணியிடம் ஓடினேன். சத்துணவுக் கணக்கெல்லாம் அவள்தான் எனக்கு டைப் அடித்துத் தருவாள். ஒரு படத்தைச் சொடுக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"எக்கா, ஒரு வீடியோ ஃபைலுங்கிறது டப்பா மாதிரி. உள்ள படம் தனியா, சத்தம் தனியா இருக்கும். உங்க கேமரா சத்தம் பழைய வகை. இந்த கன்வெர்ட்டருக்கு அது தெரியல. தெரியாதத விட்டுட்டு, தெரிஞ்ச படத்த மட்டும் எழுதிருக்கு. பயப்படாதீங்க. சத்தத்த அப்படியே வைன்னு செட்டிங்ல ஒரு கட்டம் இருக்கும். அத டிக் பண்ணிட்டு ஒரிஜினல மறுபடியும் மாத்துனாப் போதும். ஒண்ண மாத்துன உடனே போட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

நான் டிஸ்க்கின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஒரிஜினல் இருக்குல்லாக்கா?"

அவள் மறுபடியும் கேட்டாள். "எக்கா, ஒரிஜினல அழிச்சிட்டியளா?"

ஆகஸ்ட் 20

இன்று ஒன்றும் எழுத முடியவில்லை. ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்தேன்.

ஆகஸ்ட் 22

அழிந்ததை மீட்கும் மென்பொருளை வைத்து ஜெபராணி இரண்டு நாள் போராடினாள். அழித்த இடத்திலேயே புதுப் படங்கள் போய் உட்கார்ந்துவிட்டனவாம். மேலே எழுதிய சிலேட்டில் பழைய எழுத்தைத் தேடுவது எப்படி என்றாள். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேமராவில் போட்டு எடுத்த கேசட்டுகளாவது இருக்கின்றனவா என்று கேட்டாள். வீட்டுக்கு வெள்ளையடித்த வருடம் பழைய பேப்பர்க்காரரிடம் தூக்கிப் போட்டது நான்தான். இடத்தை அடைக்கிறது என்று.

சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போன் செய்தேன். எல்லார் வீட்டிலும் கல்யாண சிடி இருக்கிறது. அண்ணன் மகன் கல்யாணத்தில் இவர் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசினார். அந்த சிடியை வாங்கிப் போட்டேன். இவர் வாய் அசைகிறது, பின்னால் சினிமாப் பாட்டு ஓடுகிறது. எத்தனை கல்யாணம், எத்தனை சிடி, எல்லாவற்றிலும் பாட்டு. இந்த ஊரில் ஒருத்தர் குரலையும் ஒருத்தரும் மிச்சம் வைக்கவில்லை.

வேணி போனில் இவர் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. பிப்ரவரியில் அனுப்பியது. "பஸ் ஏறிட்டியாம்மா." அப்போதே கரகரத்து, உடைந்த தகரம் போல ஆகிவிட்டது. அது நோயின் குரல். அது எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 23

எழுதாமல் விட்ட ஒன்றை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நர்ஸ் வந்து சொன்னாள்: "அம்மா, சாரோட குரல போன்ல பதிஞ்சு வச்சுக்கோங்க. எல்லாரும் செய்வாங்க." இவரும் சரி என்று எழுந்து உட்கார்ந்து தலைகூட வாரிக்கொண்டார். நான்தான் கத்தினேன். "என்ன அச்சானியமாப் பேசுதிய! குரல் போயிரும்னு நீங்களே முடிவு கட்டிட்டியளா? வாய மூடிட்டுப் படுங்க!"

நல்ல காரியத்துக்குப் போகும்போது கெட்டதை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் எங்களை வளர்த்தார்கள். கெட்டதைப் பதிந்துவைத்தால் அதைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி என்று அப்போது நினைத்தேன். இவர் சீப்பை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். வாயை மூடு என்பதுதான் குரல் இருந்தபோது நான் இவரிடம் கடைசியாகப் போட்ட சத்தம்.

முதலில் அன்றைக்கு இழந்தேன். இப்போது ஐம்பத்திரண்டையும் இழந்தேன். இரண்டும் என் கையாலேயே.

ஆகஸ்ட் 25

வேணியிடம் இன்னும் சொல்லவில்லை. "வீடியோ எப்படிம்மா வருது?" என்கிறாள். நல்லா வருது என்கிறேன்.

ஆகஸ்ட் 26

மத்தியானம் குழம்பை இறக்கிவிட்டுத் திரும்பினால் கட்டிலில் ஆள் இல்லை. பின்வாசல் திறந்து கிடந்தது. இவர் கிணற்றடியில் நின்றார். இரும்பு மூடி ஒரு முழம் நகர்ந்திருந்தது.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். மெதுவாகப் போய்க் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. கூடவே நடந்து வந்தார், கட்டிலில் படுத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூடியை இழுத்து மூடி அதன்மேல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைத்தேன். எங்கிருந்து எனக்கு அவ்வளவு பலம் வந்ததோ.

இந்த நோட்டில் இனிப் பொய் எழுத மாட்டேன். மூடி பூனைக்காகப் போட்டதில்லை. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அலமாரியில் எறும்பும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் கழுத்துத் துளையைச் சுத்தம் செய்து புதுத் துணி கட்டினேன். கட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ செய்ய நினைத்தது, சத்தத்தை அடைத்து வைத்தது, பழையதை அழித்தது. பிறகு அந்த ஆஸ்பத்திரி நாளையும் சொன்னேன். "உங்க குரல நானே கொன்னு போட்டேன். ஒருக்கா இல்ல, ரெண்டு தரம்." சொல்லி முடித்து அங்கேயே, கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நான்கு மாதத்தில் இவர் முன்னால் அழுதது இன்றைக்குத்தான்.

கட்டில் கம்பியில் ஒரு தட்டு. நிமிர்ந்தேன். அடுப்படி மேடையில் இருந்த லேப்டாப்பைக் கை காட்டினார்.

கொண்டு வந்து கட்டிலில் வைத்தேன். வேணியின் ஐந்தாவது பிறந்தநாள். கேக் முன்னால் நிற்கிறாள், கேமராவைப் பார்க்கிறாள், திடீரென்று சிரிக்கத் தொடங்குகிறாள். இவர் குனிந்து பார்த்தார். படம் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பிறகு சிலேட்டை எடுத்தார்.

"கேக்குக்கு டிக்கெட் எடுத்தாச்சா? எடுக்காதவுக இறங்கிருங்க."

"இதையா சொன்னிய?" என்றேன். தலையை ஆட்டினார். இதற்குத்தான் பிள்ளை சிரித்திருக்கிறது.

அடுத்த படம். அருவி. வேணி தண்ணீருக்குள் போகப் பயந்து அழுகிறாள். இவர் எழுதினார்: "அழாத. தண்ணிக்குக் காலு இல்ல, உன்ன விரட்டாது." அதற்கடுத்து தீபாவளி. சிலேட்டில் இடம் போதாமல் என்னிடம் நோட்டுக் கேட்டார். இந்த நோட்டையே பின்பக்கம் திருப்பிக் கொடுத்தேன். பதினெட்டு, இருபது வருடத்துக்கு முந்தையது. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை மனுஷன். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று ராத்திரி வீட்டுக்கு வந்து சொல்கிற ஆள்தானே. ஒரு இடத்தில் எழுதிக்கொண்டே சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. மத்தியானம் பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். நாலு தோசை.

சாயங்காலம் நாற்பத்தோராவது படம் வந்தது. எனக்கு அது நினைவே இல்லை. நம் வாசல்தான். நான் கையில் ஒரு பையோடு நிற்கிறேன், முகம் கடுகடுவென்று இருக்கிறது. எதற்கோ இவரோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறேன். இந்த மனுஷன் அதையும் படம் எடுத்திருக்கிறார். நான் விறுவிறுவென்று தெருமுனை வரை போகிறேன். சட்டென்று நிற்கிறேன். திரும்பிப் பார்க்கிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறேன். படம் அங்கே முடிகிறது.

"இதுல என்ன சொன்னிய?"

பென்சிலை எடுத்தார். நோட்டில் வைத்தார். எழுதவில்லை. என்னைப் பார்த்தார். மறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு எழுந்து பீரோவருகே போனார். பெட்டியை இறக்கினார். பாலித்தீன் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். கருவியைக் கழுத்தில் வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். இடம் மாற்றி வைத்தார். மறுபடி இரைச்சல். மூன்றாவது தரம் வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, அந்த வண்டுக் குரலில் சொன்னார்:

"வ-டி-வு. இறங்கிராத. இன்னும் ஸ்டாப்பு வரல."

நான் இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் இறங்கிராதிய" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியவில்லை.

இவர் தம்ளரைத் தேடி எடுத்தார். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு.

செப்டம்பர் 2

வேணி வந்துவிட்டாள். அவளிடமும் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். பகலெல்லாம் மூன்று பேரும் படத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறோம். படம் ஓட ஓட இவர் கருவியை வைத்துப் பேசுவார், நான் போனில் பதிவேன், வேணி அதைப் படத்துக்குக் கீழே சரியான இடத்தில் ஒட்டுவாள். சில வார்த்தைகள் புரியவில்லை. அங்கே எழுத்தில் போட்டோம். பழைய குரல் இதில் இல்லை. அது போனது போனதுதான், அதற்கு நான் தனியாக அழுதுகொள்கிறேன்.

இன்று முடித்துப் புதுக் கோப்பாக எழுதினோம். எழுதி முடிந்த உடனே சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். பென் டிரைவில் ஒன்று, ஜெபராணியிடம் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று என மூன்று நகல் இருக்கிறது. லேப்டாப்பில் இருப்பதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 7

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வேணி கையைப் பிடித்துத் தாரை வார்த்தது இவர்தான். ஐயர் சொல்லச் சொல்லக் கருவியை வைத்து இவரும் சொன்னார். முன்வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. இவர் அவர்களைப் பார்த்து அதே குரலில், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். பெரியவர்களும் சிரித்தார்கள். நான் மட்டும் முந்தானையைத் தேடினேன். வரவேற்பில் எங்கள் படமும் திரையில் ஓடியது.

மண்டபத்து வீடியோக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பாட்டுப் போடக் கூடாது.

வீட்டுக்கு வந்து, அரிசிப் பானையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, துடைத்து, பழையபடி அலமாரியில் வைத்தேன்.